ஐந்து டொலருக்கு ஓர் இரவு: ஃபுகாஸியின் மேடைகளும் 800 ஒலிப்பதிவுகளும்

வோஷிங்டன் டி.சி. நகரத்து ரொக் இசைக்குழுவான ஃபுகாஸி, 1987 செப்டெம்பர் 3ஆம் திகதி தனது முதலாவது நிகழ்ச்சியை நடத்தியது. கடைசி நிகழ்ச்சி 2002 நவம்பர் 4ஆம் திகதி லண்டன் ஃபோரம் அரங்கில் நடந்தது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் பிற நாடுகளிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேடைகள். அவற்றில் 800க்கும் அதிகமானவை ஒலிப்பதிவாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இரவும் தனித்தனியாக இணையத்தில் கிடைக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் நானும் ஒருத்தி.

நான் அவர்களை மேடையில் பார்த்ததில்லை. இலங்கைக்கு அவர்கள் வந்ததும் இல்லை. லண்டனில் அவர்கள் கடைசியாக வாசித்தபோது எனக்குப் பதினான்கு வயது. போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ9 வீதி திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ரொக் இசை என்று ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. பத்து ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை முடித்து ஆவணப்படங்களைத் தேடித் தேடிப் பார்த்த காலத்தில்தான், ஜெம் கோஹன் எடுத்த ‘இன்ஸ்ட்ருமென்ட்’ கையில் கிடைத்தது. 1987 முதல் 1998 வரை ஃபுகாஸியோடு கூடவே திரிந்து எடுத்து, 1999இல் வெளியான படம். அதில் இசைக்குழுவைவிட என்னைப் பிடித்து வைத்தது மண்டபத்துக்கு வெளியே காத்து நிற்கும் சனம். கமரா ஒவ்வொரு முகத்திலும் சற்று நேரம் தங்கி நிற்கிறது. சிலர் சிரிக்கிறார்கள். சிலர் கமராவை முறைக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். இந்தப் பிள்ளைகளை யார் இரவில் வெளியே விட்டார்கள் என்பதுதான் எனக்கு வந்த முதல் கேள்வி.

“அந்தச் சத்தத்தில் அப்படி என்ன இருக்கு?” என்று வீட்டில் இன்றைக்கும் கேட்கிறார்கள். இரண்டு கிற்றார், ஒரு பேஸ் கிற்றார், ட்ரம்ஸ். பேஸ் கிற்றாரில் ஜமெய்க்காவின் ரெகே இசையின் ஆட்டம் இருக்கும்; அதன் மேல் கிற்றார்கள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும்; பாட்டு திடீரென நிற்கும், திரும்பவும் பாயும். பாடுபவர்கள் இருவர், பெரும்பாலும் கத்துகிறார்கள். இவ்வளவையும் சொல்லி ஒருவரைக் கேட்க வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே அந்த இரவுகள் எப்படி ஏற்பாடு செய்யப்பட்டன, யார் உள்ளே வர முடிந்தது, என்ன செலவானது, எப்படிப் பதிவாயின என்பதைச் சொல்கிறேன். என்னுடைய பித்து பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

‘இன்டி’ என்ற சொல் சுதந்திரமானது என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களை எதிர்பார்க்காமல், தாங்களே காசு சேர்த்துத் தாங்களே தட்டு வெளியிட்ட இளைஞர்களால் அது புழக்கத்துக்கு வந்தது. பிறகு அந்தச் சொல் ஒருவகைக் கிற்றார் இசைக்குப் பெயராக மாறி, பெரிய நிறுவனங்களே ‘இன்டி’ விற்கும் நிலை வந்தது. ஃபுகாஸி பழைய பொருளில் இன்டி. அவர்களது தட்டுகளை வெளியிட்ட டிஸ்கோர்ட், குழுவின் பாடகர் இயன் மக்கையும் அவரது நண்பர் ஜெஃப் நெல்சனும் 1980இல் தொடங்கியது. அப்போது அவர்கள் பதின்வயதினர். ‘ரீன் ஐடில்ஸ்’ என்ற அவர்களது குழு கலைந்தபோது, மேடைகளில் சேர்த்த சில நூறு டொலர் மிச்சம் இருந்தது. பங்கு போடாமல் அதில் ஒரு சிறு தட்டு போட்டார்கள். அட்டை உறைகளைக் கையால் வெட்டி, மடித்து, பசை பூசி ஒட்டினார்கள். அந்தத் தட்டு விற்ற காசில் அடுத்த நண்பர்களின் தட்டு. இன்றைக்கும் டிஸ்கோர்ட் அதே வட்டாரத்துக் குழுக்களை வெளியிட்ட நிறுவனமாகவே இருக்கிறது.

அந்த முதல் தட்டின் உறையில் இரண்டு கைகள் குறுக்காகக் கிடக்கின்றன. புறங்கைகளில் கறுப்பு மையில் பெரிய பெருக்கல் குறிகள். அதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் இசை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மதுக்கடைகளில்தான் நடக்கும். வயது குறைந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். 1980இல் ரீன் ஐடில்ஸ் பஸ் ஏறிக் கலிஃபோர்னியாவுக்குப் போனபோது, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விடுதி அவர்கள் கையில் பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டது. குறி உள்ளவருக்கு மது கொடுக்கக் கூடாது என்று கடைக்காரருக்கு விளங்கும். ஊர் திரும்பியதும் இதே முறையை வோஷிங்டன் விடுதிக்காரர்களிடம் சொல்லிச் சம்மதிக்க வைத்தார்கள். பின்னாளில் அந்தக் குறி மது, போதை தொடாத இளைஞர்களின் அடையாளமாக உலகெங்கும் பரவியது. தொடக்கத்தில் அது பிள்ளைகள் பாட்டுக் கேட்பதற்கான அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான்.

ஃபுகாஸி உருவானபோது இந்த விஷயம் விதியாகவே ஆனது: எந்த வயதினரும் வரலாம். மது அனுமதி காரணமாக ஒரு விடுதி பிள்ளைகளைத் தடுத்தால் அங்கே வாசிக்க மாட்டார்கள். தேவாலய மண்டபம், பாடசாலை உடற்பயிற்சிக் கூடம், சனசமூக நிலையம் என்று வேறு இடம் தேடுவார்கள். நுழைவுக் கட்டணம் 5 டொலர். பிற்காலத்தில் சில ஊர்களில் 6 டொலர் அல்லது சற்று மேலே போனாலும், ஆயிரக்கணக்கில் சனம் வந்த பெரிய அரங்குகளிலும் ஏறத்தாழ அந்த விலையையே பிடித்து நின்றார்கள்.

இது எப்படிக் கட்டுப்படியானது? குழுவுக்கு முகாமையாளர் கிடையாது. இடங்களோடு பேசி ஒழுங்கு செய்வதை மக்கையே தொலைபேசியில் செய்தார். வான் ஒன்றில் வாத்தியங்களை ஏற்றித் தாங்களே ஓட்டிப் போனார்கள். ஹோட்டல் செலவு குறைய நண்பர்களின் வீடுகளில் தூங்கினார்கள். ரீ-சேர்ட் விற்கவில்லை. அதனால் யாரோ ‘இது ஃபுகாஸி ரீ-சேர்ட் அல்ல’ என்று அச்சிட்டு விற்கத் தொடங்கி, அதுவே அந்தக் காலத்து இளைஞர்களிடம் பெயர்போன உடுப்பானது. 1990களின் தொடக்கத்தில் ரொக் இசைக்குப் பெருஞ்சந்தை வந்தபோது பெரிய நிறுவனங்கள் ஃபுகாஸியைத் தேடி வந்தன. இவர்கள் மறுத்துவிட்டார்கள். சொந்த நகரமான வோஷிங்டனில் அவர்களது மேடைகள் ஏறத்தாழ எல்லாமே இலவச நிகழ்ச்சிகள் அல்லது ஏதாவது ஒரு காரியத்துக்கு நிதி சேர்ப்பவை. இலவச மருத்துவ நிலையம் ஒன்றுக்காகவும் அப்படி வாசித்திருக்கிறார்கள்.

மதுவும் குடிக்கமாட்டார்கள், விலையையும் ஏற்றமாட்டார்கள் என்றதும் அவர்களைப் பற்றிக் கதைகள் கிளம்பின. சோறு மட்டுமே சாப்பிடுகிறார்கள், சூடேற்றி இல்லாத வீட்டில் துறவிகள்போல வாழ்கிறார்கள் என்றெல்லாம் பேசப்பட்டது. கேட்டுச் சிரித்துவிட்டு அவர்கள் அடுத்த ஊருக்குப் போனார்கள்.

குழுவின் பெயரையும் சொல்ல வேண்டும். வியட்நாம் போரில் இருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் வாய்மொழிகளை மார்க் பேக்கர் என்பவர் ‘நாம்’ என்ற நூலாகத் தொகுத்தார். அதிலிருந்துதான் மக்கை அந்தச் சொல்லை எடுத்தார். சிப்பாய்களின் கொச்சைச் சுருக்கச்சொல் அது. எல்லாம் குழம்பி, பதுங்கித் தாக்குதலில் மாட்டி, கடைசியில் சடலப் பைக்குள் போட்டு மூடப்படுவது என்று விரித்துச் சொல்லலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளில் நான் கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்தி வைத்தேன். எங்களிடமும் அப்படியான சொற்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு இசைக்குழுவுக்குப் பெயராக வைக்க எங்களுக்கு மனம் வருமா தெரியவில்லை.

முன்வரிசையில் நிற்பது

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் கோஷ்டி நடக்கும்போது முன்னுக்கு நிற்பவர்கள் பெடியள். பெண்கள் பின்னால், பாய் விரித்து மதிலோரமாக. வெறியில் ஆடுபவர்கள் கிட்ட வரத் தொடங்கினால் அம்மா எங்களை எழுப்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடுவார். எத்தனையோ கோஷ்டிகளின் கடைசிப் பாட்டை நான் கேட்டதே இல்லை.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்க பங்க் இசை மேடைகளின் முன்பகுதி இதைவிட மோசம். ஒருவரையொருவர் இடித்து மோதி ஆடுவதும் மேடையில் ஏறிக் கூட்டத்தின் தலைமேல் பாய்வதும் வழக்கமாகி, வோஷிங்டனில் அது அடிதடியாக வளர்ந்தது. பெண்களும் சிறுவர்களும் ஒதுங்கினார்கள். ஒரு கட்டத்தில் இசைஞர்களே ஒதுங்கினார்கள். 1985 கோடையில் அந்த நகரத்தின் இளைஞர்கள் சிலர் வன்முறை இல்லாத புதிய குழுக்களைத் தொடங்கினார்கள். ஃபுகாஸியின் மற்றொரு பாடகரான கீ பிச்சியோட்டோவும் ட்ரம்ஸ் வாசிப்பவரான பிரெண்டன் கான்டியும் அந்தக் கோடையின் ‘ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங்’ குழுவில் இருந்து வந்தவர்கள். பேஸ் கிற்றார் வாசித்த ஜோ லாலி, இன்னொரு குழுவுக்குச் சாமான் தூக்கித் திரிந்தவர்.

ஃபுகாஸி மேடையில் இதற்கு எடுத்த நடவடிக்கை எளிமையானது. யாராவது மற்றவர்களை இடித்துத் துன்புறுத்தினால் பாட்டை நிறுத்துவார்கள். ஆளைச் சுட்டி, மரியாதையாக, ‘ஐயா’ என்று கூப்பிட்டுப் பேசுவார்கள். கேட்காவிட்டால் மேடைக்கு அழைத்து, கடித உறையில் வைத்த 5 டொலரைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். இதற்கென்றே காசு போட்ட உறைகள் தயாராக இருக்கும். ‘இன்ஸ்ட்ருமென்ட்’ படத்தில் ஒரு காட்சி: மேடையில் முரட்டுத்தனம் காட்டிய இளைஞன் ஒருவனைப் பற்றிப் பிச்சியோட்டோ கூட்டத்துக்குச் சொல்கிறார். நிகழ்ச்சிக்கு முன் அவன் சின்னப் பிள்ளைபோல ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்ததைத் தாங்கள் பார்த்ததாகவும், இப்போது என்ன வீரம் என்றும் கேட்கிறார். சனம் சிரிக்கிறது. அவன் வீரம் அந்தச் சிரிப்போடு போய்விடுகிறது.

வீதியில் பெண்ணொருத்தி அனுபவிக்கும் தொந்தரவை அவள் குரலிலேயே பேசும் ‘சஜெஷன்’ என்ற பாட்டு அவர்களிடம் உண்டு. ஆண் ஒருவர் இதைப் பாடலாமா என்று அப்போதே விவாதம் எழுந்தது. சில மேடைகளில் ஏமி பிக்கரிங் போன்ற பெண்கள் ஒலிவாங்கியை வாங்கிப் பாடினார்கள். அந்தப் பாட்டின்போதே கூட்டத்தில் ஆண்கள் இடித்து ஆடுவதும், மக்கை நிறுத்தி அதைச் சுட்டிக்காட்டுவதும் பதிவுகளில் கேட்கிறது. எனக்கு அந்த இடங்கள் பாட்டைவிட முக்கியம். ஆனாலும் தொடர்ந்து கேட்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: சில இரவுகளில் பேச்சு கூடிப்போய், காசு கொடுத்து வந்தவர்களுக்கு ஒழுக்கப் பாடம் எடுப்பதுபோல ஆகிவிடுகிறது. நல்ல ஆசிரியர்களும் சலிப்பூட்டும் நாட்கள் உண்டுதானே.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வோஷிங்டன் அந்நாளில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம். அந்த நகரத்து பங்க் இசைக்கு வழி திறந்தவர்கள் ‘பாட் பிரெய்ன்ஸ்’ என்ற கறுப்பின இளைஞர்களின் குழு. அப்படியிருந்தும் ஃபுகாஸியின் கூட்டத்தில் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்களே இருந்தார்கள். எல்லோருக்கும் கதவைத் திறந்து வைப்பது ஒரு காரியம். எல்லோரும் அந்தப் பக்கமாக வருவது வேறு காரியம்.

2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த தென்னிந்தியப் பாடகர் ஒருவரின் பெரும் இசை நிகழ்ச்சி பலருக்கு ஞாபகம் இருக்கும். கட்டணம் செலுத்தியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே போட்ட தடுப்புகளை உடைத்துக்கொண்டு கூட்டம் முன்னே வந்தது, நிகழ்ச்சி குழம்பியது. பிறகு நாட்கணக்காக எங்கள் இளைஞர்களின் ஒழுக்கத்தைப் பற்றித்தான் பேச்சு. மைதானம் எப்படிப் பிரிக்கப்பட்டது, பின்னால் நின்றவர்களுக்கு மேடை தெரிந்ததா, பெண்கள் எங்கே நின்றார்கள், விலை யாருக்காக வைக்கப்பட்டது என்ற கேள்விகள் குறைவாகவே கேட்டன. ஃபுகாஸியின் பதிவுகளைக் கேட்டுப் பழகியவளுக்கு அந்தக் கேள்விகள்தான் முதலில் வந்தன.

இரண்டு திறந்தவெளிகள்

வோஷிங்டன் நகரத்தின் மிக உயர்ந்த நிலப்பகுதி ஃபோர்ட் ரீனோ. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தலைநகரைக் காக்கக் கட்டிய கோட்டை இருந்த இடம். போர் முடிந்த பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியேறி, வீடு, தேவாலயம், பாடசாலை என்று ஒரு ஊரையே உருவாக்கினார்கள். ரீனோ சிற்றி என்று அதற்குப் பெயர். பூங்காவுக்கும் பாடசாலைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் என்று அரசு 1920களின் பிற்பகுதியிலிருந்து காணிகளைச் சிறிது சிறிதாக எடுத்து, 1950களின் தொடக்கத்துக்குள் ஊரையே இல்லாமல் செய்துவிட்டது. கோட்டையின் பெயர் நின்றது, ஊரின் பெயர் போனது.

1968 முதல் அந்தப் புல்வெளியில் கோடைகால இலவச இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. மது கிடையாது. குடும்பங்கள் விரிப்போடு வந்து உட்காரும், பிள்ளைகளும் நாய்களும் ஓடித்திரியும். ஃபுகாஸி கோடைதோறும் வந்து வாசிப்பது கிட்டத்தட்ட வழக்கமாக இருந்தது. அந்த நிகழ்ச்சிகளின் படங்களைப் பார்த்தால், மேடை என்று சொல்ல ஒரு சிறிய மேடு, முன்னால் மாலை வெயிலில் உட்கார்ந்த சனம். ஆண்டில் பாதிநாள் உலகம் சுற்றிய குழுவின் நிகழ்ச்சி அது என்று நம்ப முடியாது. அந்த நிலத்தின் கதையைப் பின்னர்தான் வாசித்தேன். காணி போன ஊர்களில் இருந்து வந்த எவரும் அதை வாசித்தால், படத்தில் உள்ள புல்வெளியை இன்னொரு தடவை பார்ப்பார்கள்.

மற்றத் திறந்தவெளி வெள்ளை மாளிகைக்கு நேர் எதிரே உள்ள லஃபயெற் பூங்கா. 1991 ஜனவரி 12. குவைத்தில் இருந்து ஈராக் வெளியேற ஐ.நா. விதித்த காலக்கெடு முடிய மூன்று நாட்களே இருந்தன. ‘பொசிற்றிவ் ஃபோர்ஸ்’ என்ற இளைஞர் அமைப்பு ஒழுங்கு செய்த போர் எதிர்ப்பு நிகழ்ச்சியில், குளிரில், ஜனாதிபதியின் வாசலைப் பார்த்தபடி ஃபுகாஸி வாசித்தது. சில நாட்களில் குண்டுவீச்சு தொடங்கியது. பாட்டு போரை நிறுத்தவில்லை. ஈராக் படையெடுப்பின்போது குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த இலங்கைப் பெண்கள் பலர் அகதிகளாக ஊர் திரும்பியிருந்தார்கள். அதே மாதம் வடக்கில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம் என்று வீட்டில் சொல்வார்கள். வளைகுடாப் போர்ச் செய்தியும் அந்த டைனமோவில்தான் வந்திருக்கும்.

பட்டியல்

தங்கள் நிகழ்ச்சிகளை ஃபுகாஸி ஏறத்தாழத் தொடக்கத்தில் இருந்தே பதிவு செய்தது. கூட வந்த ஒலிப்பொறியாளர்கள் ஒலிக்கலவைப் பலகையில் இருந்து நேரே கசெட்டில் எடுத்தார்கள்; பிறகு டிஜிட்டல் நாடா, பிறகு குறுந்தட்டு. வெளியிடும் எண்ணத்தோடு எடுத்தவை அல்ல. குவிந்துகொண்டே போயின. 2004இல் சில இரவுகளைக் குறுந்தட்டாக விற்றுப் பார்த்தார்கள். 2011 டிசம்பர் 1ஆம் திகதி ‘ஃபுகாஸி லைவ் சீரிஸ்’ என்ற பெயரில் முழுச் சேமிப்பையும் இணையத்தில் திறக்கத் தொடங்கினார்கள். ஓர் இரவுக்கு அவர்கள் சொல்லும் விலை அதே 5 டொலர். விரும்பினால் 1 டொலர் கொடுக்கலாம், 100 டொலரும் கொடுக்கலாம்.

நான் மணிக்கணக்காக இருப்பது அந்தப் பட்டியலில்தான். ஒவ்வோர் இரவுக்கும் ஒரு பக்கம். திகதி, ஊர், மண்டபம், நுழைவுக் கட்டணம், வந்தவர் தொகை, எந்த ஊடகத்தில் பதிவானது, ஒலியின் தரம் எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கும். மோசமான பதிவென்றால் மோசம் என்றே போட்டிருக்கிறார்கள். ரசிகர்கள் தங்களிடம் இருந்த புகைப்படங்களையும் துண்டுப்பிரசுரங்களையும் நுழைவுச்சீட்டுகளையும் அனுப்பி அந்தப் பக்கங்களை நிரப்பினார்கள். முதலாவது நிகழ்ச்சியும் இருக்கிறது. அப்போது மேடையில் மூன்று பேர்தான், பிச்சியோட்டோ பின்னர் முழுமையாகச் சேர்ந்தார். கிற்றார் தந்தி அறுந்தது, பாட்டைத் தவறாகத் தொடங்கி நிறுத்தியது, கூட்டத்தோடு வாக்குவாதப்பட்டது எதையும் வெட்டவில்லை. பாட்டுகளுக்கிடையே அவர்கள் பேசியதை மட்டும் ஒரு ரசிகர் முக்கால் மணிநேரத் தொகுப்பாக்கிப் பகிர்ந்ததும் உண்டு.

ஒரே குழுவின் நூற்றுக்கணக்கான பதிவுகளை ஏன் கேட்க வேண்டும்? ஃபுகாஸி பாட்டு வரிசை எழுதி வைத்து வாசிப்பதில்லை. ஒருவர் ஒரு பாட்டைத் தொடங்கினால் மற்றவர்கள் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஒரு பாட்டின் வாலில் இருந்து இன்னொன்றின் தலைக்குத் தாவுவார்கள். ஆகவே ஓர் இரவு இன்னோர் இரவைப்போல இராது. அவர்களது மிகத் தெரிந்த பாட்டான ‘வெயிற்றிங் ரூம்’ தொடங்கிச் சில விநாடிகளில் திடீரென அடியோடு நின்றுவிடும். பிறகுதான் பாட்டுத் தொடரும். அந்த வெற்றிடம் தட்டில் வெறும் மௌனம். மேடைப் பதிவில் அது ஊருக்கு ஊர் மாறும். ஓரிடத்தில் கத்துகிறார்கள், ஓரிடத்தில் யாரோ ஒருவர் மட்டும் விசிலடிக்கிறார், பாட்டைத் தெரியாத கூட்டம் முடிந்துவிட்டதென்று கைதட்டுகிறது. இந்தச் சில விநாடிகளை மட்டும் வேறுவேறு ஆண்டுகளில் இருந்து எடுத்து அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். என் கணவருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது.

என் தாய்மாமா திருமணத்துக்கு முன் ஒரு உள்ளூர்க் கோஷ்டியில் தபேலா வாசித்தவர். 1980களின் தொடக்கம். கோயில் கோயிலாக, விடிய விடிய. அவரிடம் சில இரவுகளின் கசெட்டுகள் இருந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் முழுவதும் வெளிக்கிட்டபோது அவை ஒரு பிஸ்கட் தகரத்தில் அலமாரிக்கு மேல் இருந்தன. திரும்பி வந்தபோது அலமாரியும் இல்லை. அந்தக் கோஷ்டி எந்தெந்த ஊரில் வாசித்தது என்று சென்ற ஆண்டு அவரிடம் கேட்டு எழுதிப் பார்த்தேன். பதினெட்டு கோயில்கள் ஞாபகம் வந்தன. ஆண்டு சொல்லக்கூடியவை ஆறு. சம்பளம் ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் கொடுக்காமல் விட்டதால்.

எழுத்தில் உள்ளவற்றைச் சேமிக்க எங்களிடம் முயற்சிகள் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தின் பயனை அறியாத ஈழத்து வாசகர் குறைவு. ஒலி ஆவணங்களையும் அவர்கள் சேர்க்கிறார்கள். ஆனால் ஒரு கோஷ்டி, ஒரு நாட்டுக்கூத்து, ஒரு பாடசாலை இசைக்குழு வாசித்த இரவென்பது நூலைப்போல அலமாரியில் இருக்கும் பொருளல்ல. அந்த இரவில் யாராவது பதிவுக் கருவியை அமுக்கியிருக்க வேண்டும். ஊரடங்கு அமுலில் இருந்த ஆண்டுகளில் எங்களுக்கு இரவே இருக்கவில்லை.

ஃபுகாஸியின் பட்டியலில் ஒலிப்பதிவு கிடைக்காத இரவுகளுக்கும் பக்கம் உண்டு. கேட்க எதுவும் இல்லை. ஆனாலும் திகதி, இடம், கட்டணம் என்று தெரிந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். தங்களிடம் இருக்கும் பழைய கசெட்டையோ ஒரு படத்தையோ ரசிகர் எவராவது அனுப்பினால் அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மாமாவின் பதினெட்டு கோயில்களையும் நான் அதே மாதிரி ஒரு தாளில் கோடு கிழித்து எழுதியிருக்கிறேன், தெரியாத கட்டங்களை வெறுமையாக விட்டு.

2002க்குப் பிறகு ஃபுகாஸி கலைந்ததாக அறிவிக்கவில்லை. காலவரையறை இல்லாத இடைவேளை என்றார்கள். குடும்பம், பிள்ளைகள், பெற்றோரின் முதுமை எல்லாம் காரணம். மக்கை பின்னர் ஏமி ஃபரினாவுடன் ‘த ஈவன்ஸ்’ என்ற இருவர் குழுவாக, விடுதிகளைத் தவிர்த்து, சிறிய ஒலிபெருக்கியைத் தாங்களே கொண்டுபோய் நூலகங்களிலும் சனசமூக மண்டபங்களிலும் வாசித்தார். லாலியும் கான்டியும் ‘மெஸ்தெற்றிக்ஸ்’ குழுவில் சேர்ந்து வாசிக்கிறார்கள். நால்வரும் ஒன்றாக மேடையேறுவார்களா என்ற ஊகத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. கேட்க இன்னும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

புதிதாகக் கேட்க விரும்புபவர்கள் ‘13 சோங்ஸ்’ என்ற 1989ஆம் ஆண்டுத் தொகுப்பில் தொடங்கலாம். அது பிடித்தால் 1990இல் வந்த ‘ரிபீற்றர்’, பிறகு கடைசியாக 2001இல் வந்த ‘தி ஆர்கியுமென்ட்’. ‘இன்ஸ்ட்ருமென்ட்’ படத்தைச் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்க்க வேண்டும். பிச்சியோட்டோ கூடைப்பந்து வளையத்துக்குள் நுழைந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாடும் காட்சியும் அதில்தான் இருக்கிறது. மேடைப் பதிவுகளைப் பொறுத்தவரை ‘மிக நன்று’ என்று குறிக்கப்பட்டவற்றை முதலில் எடுங்கள்; கசெட்டின் இரைச்சல் எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். ஆண்டு வரிசையில் கேட்டு இப்போது 1993க்கு வந்திருக்கிறேன்.